ஹீட்டரில் குளிர்ந்த காற்று

தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் ஸ்டேஷன் வேகன் தினமும் காலையில் தண்ணீர் குடித்தது. அப்பா ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒரு குவளை ஊற்றுவார். அடுத்த வாரம் இரண்டு குவளை ஆயிற்று. ஒழுகியிருந்தால் கீழே தெரிந்திருக்கும். ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கொட்டகைக்குப் பின்னால் செம்மண்ணில்தான் வண்டி நிற்கும். எச்சில் விழுந்தால்கூட அந்த மண்ணில் கறுப்பாகத் தெரியும். நான் குனிந்து குனிந்து பார்த்தேன். காய்ந்தே கிடந்தது. வெளியே போகாத தண்ணீர் உள்ளே எங்கேயோ போகிறது என்றுதானே அர்த்தம்?

"மூடி போயிருச்சு, வேற ஒண்ணுமில்ல," என்று அப்பா புது மூடி வாங்கிப் போட்டார். பிறகு எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வேலிக்கு அப்பால் எறிந்தார். "தண்ணி தடையில்லாம ஓடட்டும். இந்த வெயில்ல அது எதுக்கு?" எங்கள் பக்கத்தில் பழைய வண்டி வைத்திருக்கிற எல்லாரும் செய்கிற வைத்தியம் அது.

அந்த வண்டியின் மீட்டரில் ஐந்து இலக்கம்தான். லட்சம் கிலோமீட்டர் ஆனால் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். நாலு சுற்று ஆயிற்று என்பார் அப்பா. "நாலா? ஆறு," என்பாள் அம்மா. "உங்கப்பாவுக்குத் தன் வயசும் அப்படித்தான், திரும்பத் திரும்ப பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்கும்."

அப்பா ஆடு கத்தரிப்பார். அம்மா அந்தக் கொட்டகை ஆட்களுக்கெல்லாம் சமைப்பாள். நான் பள்ளிக்கூடத்தை விட்டபின் கொட்டகையில் ரோமம் பெருக்கினேன். என் அக்கா கோரல் அந்த ஜனவரியில், எங்கள் நாட்டின் உச்சக் கோடையில், நிறைமாதமாக இருந்தாள். அவள் புருஷன் டேரன் வேறொரு கொட்டகையில், வெகு தூரத்தில் இருந்தான். ஊர் ஊராகச் சுற்றி வரும் நர்ஸ் கோரலின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே படுத்திருக்கிறது என்றாள். வலி வருவதற்கு முன்னால் டவுன் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். வழியில் வலி வந்தால் குழந்தையும் தங்காது, தாயும் தங்கமாட்டாள். அதை நர்ஸ் எங்கள் அம்மாவிடம் தனியாகத்தான் சொன்னாள். மாவு மூட்டைகளுக்குப் பின்னால் நான் இருந்தது அவளுக்குத் தெரியாது.

டவுன் முந்நூறு கிலோமீட்டர். கொட்டகையின் ஒப்பந்தக்காரர் பின்பக்கம் திறந்த தன் புது யூட் வண்டியைத் தருகிறேன் என்றார்.

"வேணாம்," என்றார் அப்பா. "எம்பொண்ண என் வண்டியில கூட்டிட்டுப் போறேன். அவ பொறந்து வீட்டுக்கு வந்ததே இந்த வண்டியிலதான்."

"லெஸ், யோசிச்சுப் பாருப்பா. வெயில் நாப்பத்தஞ்சு டிகிரி அடிக்குது," என்றார் ஒப்பந்தக்காரர்.

"உன் யூட்டுக்குத்தான் வெயில் ஆகாது. இது பாத்த வெயில் நீ பாத்திருக்க மாட்டே."

கிளம்பின காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பின் குழாயில் வெள்ளைப் புகை வந்தது. இனிப்பாக ஒரு வாசனை, காய்ச்சின சர்க்கரைப் பாகு போல. அப்பா எஞ்சினை நிறுத்தி எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவினார். நுனியில் இருந்தது எண்ணெயாக இல்லை. பால் விட்ட காப்பி நிறத்தில் நுரைத்திருந்தது. சட்டென்று கால்சட்டையில் துடைத்துவிட்டுத் திரும்பினார். நான் நின்றிருந்தேன்.

"எண்ணெய் வெளுத்திருக்குப்பா, தண்ணி கலந்திருக்கு," என்றேன்.

"அடேயப்பா, எலி பேசுது!" என்று சிரித்தார். வாய் திறக்காத பெண் என்பதால் எனக்கு அந்தப் பெயர். "ராத்திரிப் பனி, உள்ள எறங்கியிருக்கும். ஏறு."

அந்த மாதத்தில் எங்கள் ஊரில் பனி விழுவதில்லை.

கோரல் பின் சீட்டில் தலையணைகளோடு படுத்துக்கொண்டாள். நான் முன்னால். பின்பக்கம் குடிதண்ணீர் ஒரு கேன், முக்கால் அளவு இருந்தது. உதவி கூப்பிட வண்டியில் இருந்த ரேடியோ போன வருஷமே செத்துவிட்டது. அம்மா கதவருகே வந்து என் கையை அழுத்திவிட்டுப் போனாள்.

முதல் நூறு கிலோமீட்டர் அப்பா பாடிக்கொண்டே ஓட்டினார்.

"குழந்தை வெளிய வராததே உங்க பாட்டுக்குப் பயந்துதான்," என்றாள் கோரல்.

"ஆம்பளைப் பயலா இருந்தா தாளம் போடுவான் பாரு."

பிறகு முள் ஏறத் தொடங்கியது. சூட்டைக் காட்டும் முள் எப்போதும் நடுவில் நிற்கும். அது மெல்ல மெல்லச் சிவப்புக் கோட்டைப் பார்த்து நகர்ந்தது. அப்பா பாட்டை நிறுத்தினார். நாலு கண்ணாடியையும் இறக்கச் சொல்லிவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்தார். எஞ்சினின் சூட்டில் கொஞ்சத்தை வண்டிக்குள் வாங்கிக்கொண்டால் எஞ்சின் பிழைக்கும். அதுவும் எங்கள் பக்கத்து வைத்தியம்தான். காலடியில் அடுப்பு ஊதுவது போல அனல் அடித்தது. என் செருப்பின் ரப்பர் நெகிழ்ந்தது. பின்னால் கோரல் ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு வாய் வழியாக மூச்சு விட்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம்மா," என்றார் அப்பா. "சிவப்புக்குப் போகல. பாரு, அங்கயே நிக்குது."

அங்கேயே நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மரம் என்று ஒன்று இல்லை. உப்பு நிலத்துப் புதரும் கானலும்தான்.

அப்போது காலில் அடித்த அனல் விட்டுப்போனது.

"அப்பாடா," என்றாள் கோரல். "காத்து ஜில்லுன்னு வருது."

வெளியே இருந்த அதே வெயில் காற்றுதான். ஆனால் அந்த அடுப்புக்குப் பிறகு அது ஊற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. முள்ளும் இறங்கியது. சிவப்புக் கோட்டின் பக்கத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து கீழே, விடியற்காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நிற்கிற இடத்துக்கு வந்தது.

"பாத்தீங்களா!" அப்பா ஸ்டியரிங்கைத் தட்டினார். "சொன்னேன்ல? கெழவி தானா ஆறிட்டா!"

கோரல் சிரித்தாள். அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கிற நேரத்தில் நான் ஹீட்டர் வாயில் கையை வைத்துப் பார்த்தேன். ஓடுகிற எஞ்சினிலிருந்து சூடில்லாத காற்று எப்படி வரும்? ஹீட்டருக்குள் வெந்நீர் ஓடினால்தான் அனல். அனல் நின்றால் அங்கே நீர் இல்லை. முள்ளும் அப்படித்தான். அது தண்ணீரின் சூட்டைத்தான் சொல்லும். தண்ணீரே இல்லையென்றால் சும்மா கிடக்கும். உள்ளே இரும்பு காய்ந்து வெந்துகொண்டிருந்தது. அதைச் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

"நிறுத்துங்கப்பா."

"என்னது?"

"தண்ணி பூராவும் போயிருச்சு. நிறுத்துங்க."

"முள்ளப் பாருடி! இவ்வளவு கீழ நான் பாத்ததே இல்ல."

"அதனாலதான்ப்பா!"

அவர் மிதியை விடவில்லை. நான் குறுக்கே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன். வண்டி சத்தமில்லாமல் உருண்டது. ஸ்டியரிங் கனத்துப்போய் அப்பா இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்து ஓரத்தில் நிறுத்தினார்.

"பைத்தியமா உனக்கு? வண்டி கவுந்திருந்தா? பின்னால அக்கா இருக்கால்ல?"

அவர் கையை ஓங்கினார். ஆனால் அடிக்கவில்லை, ஏனென்றால் முன்பக்கத்திலிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்தது. பானெட்டைத் திறந்தார். ஆவி வரவில்லை. வெறும் கருகல் வாசனை. எஞ்சினின் தலைமேல் எச்சில் துப்பினார். அது விழுமுன்பே காணாமல் போனது மாதிரி இருந்தது.

"இப்ப ஊத்தாதீங்க, வெடிச்சிரும்," என்றேன்.

"எனக்குத் தெரியும்," என்றார். அவர் குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

வண்டியின் நிழலில் உட்கார்ந்தோம். எஞ்சின் தொடும்படி ஆறியதும், கேட்காமலே கேனை எடுத்துப் பாதியை ரேடியேட்டரில் ஊற்றினார். ஸ்டார்ட் செய்தார். மூன்றாவது முறை பிடித்தது. ஒரு காலில் நொண்டுகிற மாதிரி முழு வண்டியும் ஆடியது. ரேடியேட்டர் வாயில் தண்ணீர் கஞ்சி போலக் கொதித்து வழிந்தது. பின்னால் வெள்ளைப் புகை மேகமாக எழுந்தது. நாங்கள் குடிக்க வேண்டிய தண்ணீர் அது.

"ஏறுங்க. நாப்பது வேகத்துல உருட்டிட்டே போயிரலாம்."

"நான் ஏறல," என்றாள் கோரல். அவள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்திருந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"என்னம்மா?"

"கொஞ்ச நேரமாவே விட்டு விட்டு வலிக்குதுப்பா."

அப்பா அவளைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "அப்ப நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க. நான் மட்டும் போயி ஆளக் கூட்டிட்டு வரேன்."

"வண்டிய எடுத்துட்டுப் போனா நிழலும் போயிரும்ப்பா," என்றேன். "தேடி ப்ளேன் வந்தாலும் மேலேருந்து பாத்தா நாங்க ரெண்டு பேரும் கண்ணுக்கே தெரியமாட்டோம்."

அவர் கை சாவியிலேயே இருந்தது. எஞ்சின் நொண்டிக்கொண்டே ஓடியது. பிறகு அவரே நிறுத்தினார். நிறுத்தின பிறகும் அது இரண்டு முறை இருமியது.

மீதித் தண்ணீர்க் கேனைக் கோரலின் பக்கத்தில் வைத்தார். பின்கதவைத் திறந்து ஸ்டெப்னியை வெளியே உருட்டினார். வால்வைப் பிடுங்கிக் காற்றை விட்டு, ரோட்டின் நடுவே போட்டு, பெட்ரோல் தெளித்துக் கொளுத்தினார். கறுப்புப் புகை காற்றே இல்லாத வானத்தில் ஒரு தூண் போல நேராக ஏறியது.

கோரல் என் மணிக்கட்டைப் பற்றியிருந்தாள். வலி வரும்போது நகம் இறங்கும், விடும்போது தளரும். தளர்கிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. "குறுக்கதான் இருக்கு, எலி," என்று காதில் சொன்னாள். "நர்ஸ் சொன்னது எனக்கும் தெரியும்."

புகை மெலிந்தது. அப்பா ஜாக்கி வைத்து முன்சக்கரம் ஒன்றைக் கழற்றினார். உருட்டிக்கொண்டு போய் நெருப்பில் போட்டார். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. ஒருவரும் வரவில்லை. இரண்டாவது சக்கரம். வண்டி மூக்கை மண்ணில் வைத்தது. அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை, முகமெல்லாம் கரி.

மேற்கே ரோடு முடிகிற இடத்தில் ஏதோ மின்னியது. கானலாக இருக்கலாம். கண்ணாடியாக இருக்கலாம். நான் எழுந்து பார்த்தேன். அது நகர்கிறதா, நிற்கிறதா என்று தெரியவில்லை.

"அப்பா, அங்க ஏதோ."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வரட்டும்," என்றார். "வர்ற வரைக்கும் புகை நிக்கக் கூடாது."

கோரல் என் பின்னால் கத்தினாள். அப்பா ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது சக்கரத்துக்குப் போனார்.