வலது விலாவைக் காத்த கை

மகளின் பையை வாங்கிவரத்தான் அவள் அந்தச் சண்டைப் பயிற்சிக்கூடத்துக்குப் போனாள். காய்ச்சல் என்று படுத்த மகள் எழுந்திருக்காமலே போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை முடிந்ததும், இஸ்திரியின் சூடு கையை விட்டுப் போவதற்குள், அச்சுக்கடைக்கு மேலே இருந்த அந்த மாடிப்படியை ஏறினாள். மகள் இருந்தவரை அதை மிதித்ததில்லை. பெற்ற பெண் உதை வாங்குவதை வேடிக்கை பார்க்க எனக்கென்ன கிறுக்கா என்று சொல்லியே தட்டிக்கழித்து வந்தவள்.

பயிற்சியாளர் அவளைவிட இளையவர். மல்லுக்கட்டிப் பாயில் தேய்ந்த காது காளான்போல் சுருண்டிருந்தது. எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவளுக்கு வாயில் தம்பி என்றுதான் வந்தது. அவர் பையை எடுத்துவர உள்ளே போன நேரத்தில் பாயில் இருவர் மோதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, எல்லோரும் வாண்டு என்று கூப்பிடும் பெண். மகளின் தோழி, தினமும் அவளோடு ஜோடி போட்டுப் பயிற்சி செய்தவள், வீட்டுக்கு வந்தால் கேட்காமலே குளிர்ப்பெட்டியைத் திறக்கும் உரிமை பெற்றவள்.

பார்க்கப் பார்க்க ஏதோ இடறியது. எதிராளி ஒரு பக்கம் அடிக்க, வாண்டு வேறொரு பக்கத்துக்குப் பயந்துகொண்டிருந்தாள். வலது முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, இடப்பக்கமாகவே நகர்ந்தாள். விலாவுக்கு எந்த உதையும் வரவில்லை. நகர்ந்த இடத்தில் எதிராளியின் வலது கை காத்திருந்து அவள் இடது கன்னத்தில் இறங்கியது. மறுபடியும் அப்படியே நகர்ந்தாள், அப்படியே வாங்கினாள்.

பையோடு வந்த மாஸ்டரிடம், ஏன் இப்படி நகர்கிறாள் என்று அவள் கேட்டாள்.

“உங்க பொண்ணு நொட்டாங்கைக்காரி இல்லையா அக்கா,” என்று அவர் தன் வலது விலாவைத் தொட்டுக் காட்டினார். “இடது கால் உதை இங்கதான் வந்து விழும். இவ வருஷக்கணக்கா வாங்கினவ. இப்ப உதைக்க ஆள் இல்ல, கை மட்டும் காவல் நிக்குது.”

அவள் திரும்பிப் பார்த்தாள். இப்போது தெரிந்தது. வாண்டுவின் கண் போகும் இடத்தில், அந்த முழங்கை எதிர்பார்க்கும் தூரத்தில், யாரோ ஒருத்தி நின்றிருந்தாள். அதே உயரம். மகள் வீட்டில் கண்ணாடி முன் பழகும்போது பார்த்த, உதைக்கும் முன் இடது தோளைக் கொஞ்சம் இறக்கும் அதே வழக்கம். வீட்டில் கட்டிலிலோ துணியிலோ புகைப்படத்திலோ மகள் இவ்வளவு முழுசாக இல்லை. கையிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, என் வயசில் சேர்த்துக்கொள்வீர்களா தம்பி என்று கேட்டாள்.

சலவைக்கூடத்தில் விஷயம் பரவியது. இனி சூப்பர்வைசர் பாடு திண்டாட்டம்தான் என்று விரிப்பு மடித்தபடி சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

முதலில் சொல்லித்தந்தது அடிக்க அல்ல, விழ. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, கையால் பாயை அறைந்து விழவேண்டும். விழுந்து விழுந்து இடுப்பு கன்றிப்போனது. பிறகு விரல்களுக்கிடையே துணி சுற்றக் கற்றாள். அதற்குப் பிறகு நிற்பது. வலதுகைக்காரர்கள் இடது காலை முன்னே வைக்க வேண்டும் என்றார் மாஸ்டர். அவள் வலது காலை முன்னே வைத்தாள்.

“நீங்களும் நொட்டாங்கையா அக்கா?”

“ஆமா தம்பி.”

வாழ்நாளெல்லாம் உண்டதும் உழைத்ததும் வலது கையால். மாஸ்டர் சந்தேகப்படவில்லை, குடும்பத்து வழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். மகளின் அலமாரிக் கண்ணாடி முன் நின்று அவள் இடது தோளை இறக்கிப் பழகினாள். கழுத்துக்குக் கீழே மட்டும் பார்ப்பாள். முகத்தைப் பார்த்தால் கலைந்துவிடும்.

உதைப்பதற்குத் தடுப்புத் திண்டு பிடிக்க வாண்டுவை அனுப்பினார்கள். அவளுடைய முதல் இடது உதை திண்டுக்குக் கீழே போய்ச் சொத்தென்று விழுந்தது. ஆனால் வாண்டுவின் வலது முழங்கை தானாக இறங்கி விலாவை மூடியது. அந்தப் பெண் குனிந்து தன் முழங்கையைப் பார்த்தாள். பிறகு உச்சுக்கொட்டி, இவ்வளவுதானா என்பதுபோல் தலையாட்டினாள். மகளின் உதை தவறும்போதெல்லாம் வாண்டு இப்படித்தான் சீண்டுவாளாம்.

அதன்பின் வேறு யாரையும் வாண்டு ஜோடி கேட்கவில்லை. மாலைதோறும் இருவரும் சுற்றிவந்தார்கள். இவள் காலில் மகள் வந்து நின்றாள். வாண்டுவின் கையில் மகளின் உதைக்கான பயம் நின்றது. வீடு திரும்பும் வழியில் அவள் யாரையோ தூங்கவைத்துவிட்டு வருகிறவள்போல் அடிமேல் அடி வைத்து நடப்பாள்.

வாண்டுவின் முதல் போட்டிக்கு நாள் குறித்திருந்தார்கள். எதிராளிக்கு வலது கை கனம் என்று கேள்வி. ஒருநாள் உடைமாற்றும் அறையில் வாண்டு இடது கண் வீங்கி மூடிப்போய் உட்கார்ந்திருந்தாள். அவள் வாண்டுவின் கையிலிருந்த ஐஸ் பையை வாங்கி அந்தக் கன்னத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்ற மாஸ்டர் அலுத்துக்கொண்டார். “நடுவுல கொஞ்சம் மாறிட்டு வந்தாக்கா. இப்ப மறுபடியும் பழைய காவலுக்கே போயிட்டா. இப்படியே போனா அங்க கண்ணு போயிடும். ஏன்னே புரியல.”

அவளுக்குப் புரிந்தது; தன் இடது காலைக் குனிந்து பார்த்தாள். ஐஸின் குளிர் கையிலிருந்து ஏறி நெஞ்சுக்குள் போனது.

வீக்கம் வடிந்து வாண்டு வந்தபோது, அவளுக்கெதிரே இவள் இடது காலை முன்னே வைத்து நின்றாள்.

“ஆன்ட்டி, கால் மாறிப்போச்சு.”

“மாறல. இதுதான் என் காலு.”

வாண்டு குனிந்து அந்தக் கால்களையே பார்த்தாள். “தெரியும். நீங்க டீ கிளாஸ் எடுக்கும்போதே பாத்துட்டேன். மாஸ்டர்கிட்டதான் சொல்லல.” குரல் இறங்கியது. “இன்னைக்கு ஒருநாள் அப்படியே நில்லுங்களேன்.”

“நாளைக்கும் கேப்ப. நானும் நிப்பேன்.” அவள் கையுறையை உயர்த்தினாள். “கையத் தூக்குடி.”

ஈர விரிப்புகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய வலது கை அது. வேகத்தை அடக்கித்தான் அடித்தாள், கன்னத்தில் பட்டது. வாண்டு இடப்பக்கம் நகர்ந்தாள், மறுபடியும் பட்டது. பற்காப்பைக் கடித்தபடி அந்தப் பெண் அழுதாள். மாஸ்டர் அடிப்பவளுடைய கால்களைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்; நிறுத்தச் சொல்லவில்லை. அவளும் நிறுத்தவில்லை. ஒவ்வோர் அடிக்கும், இருவருக்கும் நடுவே நின்றிருந்தவள் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறுவதை அவள் பார்த்துக்கொண்டே அடித்தாள்.

கடைசியில் வாண்டு வலப்பக்கம் நகர்ந்தாள். முழங்கை விலாவை விட்டு மேலே போனது. இவள் கையுறை காற்றில் பாய்ந்து வெறுமனே திரும்பியது.

வலது விலா திறந்து கிடந்தது. அவள் ஒரு கணம் அதையே பார்த்து நின்றாள். எந்த உதையும் வரவில்லை.

“சரியா செஞ்ச,” என்றாள். “இன்னொரு தரம்.”