மூடியில் கை வைக்காதீங்க

தாசேக் கெலுகோர் செம்பனைத் தோட்டத்து வாசலுக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது ஜெகதீஸ்வரியின் மோட்டார் நின்றுவிட்டது. முதலில் இரண்டு இருமல், பிறகு இழுவை இல்லை, பிறகு சத்தமே இல்லை. சங்கத்தோடு அவள் வந்த மூன்றாவது சவாரி இது. மூன்றிலும் வண்டி வழியில் நின்றிருக்கிறது. அவள் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிட்டுத் தள்ள ஆரம்பித்தாள்.

எழுபத்தெட்டாம் வருடத்து டூ ஸ்ட்ரோக் வண்டி அது. காட்டுப் பாதைக்கென்றே செய்தது. பிறை ஃபேக்டரியில் மெஷின்களைப் பழுது பார்ப்பது அவள் வேலை. வேலை முடிந்து தீவுப் பக்கம் கெலுகோரில் இருக்கும் வீட்டுக்கு வந்த பிறகு, மூன்று வருடம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாக அவளே பூட்டிய வண்டி. ஜார்ஜ் டவுன் பழைய மோட்டார் சங்கத்தில் இருபத்தாறு பேர். அதில் பெண் இவள் ஒருத்திதான். வருடத்துக்கு ஒரு நாள் இந்தத் தோட்டத்து மேட்டில் ஒவ்வொருவராக வண்டியோடு ஏறுவார்கள். ஏறுபவர்கள் பட்டியலில் அவள் பெயர் வந்தது இந்த வருடம்தான்.

ஒரு பெண்ணின் வண்டி நின்றால் சுற்றியிருக்கும் ஆண்களுக்கு வருகிற உற்சாகம் கல்யாண வீட்டில்கூட வராது. அவள் தோட்டத்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்ததும் எட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கிளட்ச் என்றார், ஒருவர் சூடு என்றார், இன்னொருவர் பெண்கள் கைக்கு இந்த வண்டி அடங்காது என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னார். கெலுகோரில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஜாஹிர், கார்புரேட்டரை இதுவரை இரண்டு முறை கழுவிக் கொடுத்தவன், உரிமையோடு பெட்ரோல் டேங்க் மூடியின் மேல் கையை வைத்தான்.

"எண்ணெ இருக்கான்னு முதல்ல பாப்போம் அக்கா."

"கை வைக்காதீங்க, ஜாஹிர்."

"பாக்கத்தானே போறேன்."

"போன தடவையும் பாத்தீங்க. அதுக்கு முன்னயும் பாத்தீங்க. உடனே ஸ்டார்ட் ஆகும், இருபது நிமிஷத்துல மறுபடியும் நிக்கும். இன்னிக்கு இந்த மோட்டார நான் மட்டும்தான் தொடுவேன்."

அவன் கையை எடுத்துக்கொண்டான். முகம் மட்டும் சுருங்கியது.

சங்கத் தலைவர் நாகூர் மீரான் வந்தார். நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர். மனிதர் நல்லவர், ஆனால் விதி என்றால் விதி. கையில் பட்டியலும் பென்சிலும் இருந்தன.

"தங்கச்சி, மூணு தடவ நின்னா பேர் எடுத்துடணும். உனக்குத் தெரியும். லோரில ஏத்திடலாமா?"

"ஏத்த வேணாம் அண்ணே."

"பிடிவாதம் வேணாம்மா. டூ ஸ்ட்ரோக்குக்கு எண்ணெயோடதான் எஞ்சினுக்கான கருப்பெண்ணெயும் கலந்து போவுது. எண்ணெ பத்தாம ஓட்டினா பிஸ்டன் ஒட்டிக்கும். இந்த மோட்டாருக்கு வேற பிஸ்டன் எங்க தேடுவ?"

அவர் சொன்னது உண்மை. அந்தப் பிஸ்டனுக்கே அவள் ஒரு வருடம் அலைந்திருக்கிறாள். பயம் இருந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் இருந்தது.

"என் முறை பதினொண்ணுக்குத்தானே? அதுவரைக்கும் விடுங்க."

மீரான் மணியைப் பார்த்தார். பத்து இருபது. பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு நகர்ந்தார். லோரி டிரைவர் மட்டும் வண்டியை ஏற்றும் பலகையைச் சாய்த்து வைத்துத் தயாராக இருந்தார். அந்தப் பலகையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரில் பின்னால் வந்த அவள் கணவன் கோகுலன் ஐஸ் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "நான் என்ன செய்யணும்?" என்றான்.

"யாரும் கிட்ட வராம பாத்துக்குங்க."

கணக்கெழுதும் மனிதன் அவன், ஸ்பேனருக்கும் அவனுக்கும் வெகுதூரம். ஆனால் சொன்னதைச் செய்வான். கையைக் கட்டிக்கொண்டு பேங்க் காவலாளிபோல நின்றான்.

அவள் பிளக்கைக் கழற்றினாள். கறுத்து ஈரமாக இருக்க வேண்டியது, வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. எஞ்சினோடு ஒட்டி வைத்து உதைத்துப் பார்த்தாள். நீலமாகப் பொறி அடித்தது. நெருப்பு இருக்கிறது, சாப்பாடுதான் வரவில்லை. கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைத் திறந்தாள். கால் பங்குகூட இல்லை. அப்படியானால் கார்புரேட்டர் பாவம், அதற்கே யாரும் பரிமாறவில்லை. அதைத்தான் இரண்டு முறை கழுவியிருக்கிறார்கள். டேங்கிலிருந்து அதற்கு வரும் குழாயை உருவி ஒரு தண்ணீர் பாட்டிலில் விட்டு, டேங்கின் குழாய்த் திருகைத் திறந்தாள். நூல்போல வந்தது, சொட்டியது, நின்றது. ரிசர்வுக்குத் திருப்பினாள். அங்கேயும் அதே கதை. வண்டியை ஆட்டினாள். உள்ளே பாதி டேங்க் எண்ணெய் சளக் சளக்கென்று ஆடியது.

உள்ளே இருக்கிறது, வெளியே வரவில்லை. அவள் தரையில் குந்தி உட்கார்ந்தாள். மணி பத்து நாற்பது.

பக்கத்து மேசையில் மீரானின் கடைப் பையன்கள் எல்லோருக்கும் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பால் டின்னைக் கவிழ்த்தான். பால் வரவில்லை. கத்தி முனையால் எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டான். பால் கொட்டியது.

ஜெகதீஸ்வரி எழுந்தாள். குழாய் பாட்டிலுக்குள்ளேயே இருந்தது, திருகும் திறந்தே இருந்தது. டேங்க் மூடியின் அருகே காதை வைத்து, மெதுவாகத் திருகினாள்.

உஸ்ஸ்ஸ் என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. அடுத்த நொடி, கீழே பாட்டிலில் எண்ணெய் பீய்ச்சி அடித்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எண்ணெய் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும், போக வழியில்லை. வண்டி நிற்கும். நின்றதும் ஆளாளுக்கு ஓடிவந்து முதல் வேலையாக மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். காற்று புகுந்துவிடும், வண்டி கிளம்பிவிடும், கடைசியாகத் தொட்டவன் தன் கைராசி என்று நினைத்துக்கொள்வான். பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று நோயை ஒவ்வொரு முறையும் அவர்களே விரட்டிவிட்டிருக்கிறார்கள். இன்றைக்கு யாரையும் தொட விடாததால்தான் அது இருந்த இடத்திலேயே அகப்பட்டது.

மூடியைத் திருப்பி, உள்பக்கம் வாயை வைத்து ஊதினாள். காற்று போகவில்லை. மேலே நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை. அதில் மஞ்சளாக ஏதோ இறுகியிருந்தது, ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. முகர்ந்து பார்த்தாள். எண்ணெய் நெடியைத் தாண்டிச் சந்தனம் மணந்தது.

"என்னங்க," என்றாள். "ஆயுத பூஜைக்கு எங்கெங்க சந்தனம் வச்சீங்க?"

"எல்லாத்துக்கும்தான். கேட்டு, காரு, ஃப்ரிட்ஜு. ரைஸ் குக்கருக்குக்கூட வச்சேனே."

"மோட்டாருக்கு?"

"நெத்தி மாதிரி இருந்துச்சேன்னு மூடியில வச்சேன். நல்லாத் தாராளமா." அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கியது. "தப்பா?"

அவனைத் திட்ட வாயெடுத்தாள். பூஜைக்கு மறுநாள் காலை துணியெடுத்து மூடி பளபளக்கும்வரை அழுத்தி அழுத்தித் தேய்த்தது யார் என்று நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டாள். சந்தனத்தை வைத்தது அவன், ஓட்டைக்குள் ஏற்றியது அவள். ஜோடிப் பொருத்தம் அப்படி. சிரிப்பு வந்துவிட்டது.

தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினாள். பொடிப்பொடியாக வந்தது. ஊதினாள், இந்த முறை காற்று விரலில் பட்டது. கிண்ணத்தையும் குழாயையும் மாட்டி, பிளக்கைப் பூட்டி, மூடியை இறுக்கினாள். இரண்டாவது உதையில் வண்டி அலறிக்கொண்டு எழுந்தது. மணி பத்து ஐம்பத்தாறு.

பதினொன்றுக்கு மேட்டில் ஏறினாள். செம்மண் சறுக்கியது, நடுவில் பின்சக்கரம் ஒருமுறை விலகியது, அவள் விடவில்லை. உச்சியில் நின்று ஒரு சுற்றுத் திரும்பி இறங்கினாள். மொத்தமே இரண்டு நிமிடம். சிலர் கை தட்டினார்கள்.

"மூடியத் திறந்தீங்கல்ல, அதான் ஸ்டார்ட் ஆச்சு," என்றான் ஜாஹிர். "ரெண்டு நிமிஷம் ஏறிடலாம் அக்கா. இருபது நிமிஷம் ஓடுமா?"

குத்தலாகத்தான் சொன்னான். ஆனால் கேள்வி சரியான கேள்வி. இந்தச் சந்தேகத்தை இங்கே விட்டுப் போனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் லோரி அவள் பின்னாலேயே வரும். அவள் எஞ்சினை அணைக்கவே இல்லை. வண்டியைத் திருப்பி, தோட்டத்தைச் சுற்றியிருக்கும் மண் பாதையில் இறங்கினாள்.

ஒரு சுற்று, இரண்டு சுற்று. இருபதாவது நிமிடம் வந்தபோது காதை எஞ்சினிலேயே வைத்திருந்தாள். இருமல் வரும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகினாள். நாற்பது நிமிடம் கழித்து, செம்மண் பூசிய முகத்தோடு கூட்டத்துக்கு நடுவில் வந்து நிறுத்தினாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

மீரான் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு பழக்கதோஷத்தில் அவர் கை டேங்க் மூடிக்குப் போனது.

"எண்ணெ இருக்காம்மா?"

அவள் மூடியின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"இருக்கு அண்ணே. கை வைக்காதீங்க," என்றாள். "அந்தப் பலகைய எடுத்து உள்ள போடச் சொல்லுங்க. வீட்டுக்கு நான் ஓட்டிக்கிட்டுத்தான் போவேன்."