கறுப்பு அரை டாலர்

அரியரத்தினத்துக்குக் கண் போய்க்கொண்டிருந்த 1977ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவிலிருந்து அந்த அரை டாலர் மெல்பேணுக்கு வந்து சேர்ந்தது. மனுசனுடைய அதிர்ஷ்டம் எப்போதும் அப்படித்தான், பந்தி முடிந்த பிறகுதான் இலை போடும்.

படவரைஞராக இருந்து மயிரிழைக் கோடுகளோடு பழகிய கண் அது. அதை நம்பித்தான் 1827ஆம் ஆண்டு வெள்ளி அரை டாலர்கள்மேல் அவருக்குப் பைத்தியம் பிடித்தது. அந்தக் காலத்தில் அச்சுகளில் நட்சத்திரத்தையும் இலக்கத்தையும் கையால் குத்துவார்களாம். அதனால் ஒரு அச்சு மற்றதைப் போல் இராது. அடித்து அடித்துக் களைத்த அச்சில் வெடிப்பு விழும்; அது காசில் மெல்லிய மேடாக எழும்பி நிற்கும். அவரிடமிருந்த காசில் அப்படியொரு வெடிப்பு, ஆண்டின் கடைசி ஏழிலிருந்து நட்சத்திரம் வரை ஓடியது. அதே அச்சில் அதற்கு முன்பே அடித்த காசு ஒன்று இருக்கும், அதில் வெடிப்பு தொடங்கியிருக்கும், நட்சத்திரத்தைத் தொட்டிராது என்று வருடக்கணக்காகச் சாதித்தார். பழங்காசு சேர்ப்பவர்களின் கிளப்பில் ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் அதுவாக இருக்கலாம் என்று ஒரு காசை அமெரிக்காவில் தேடிப் பிடித்து, அனுப்பச் சொல்லி எழுதிப் போட்டார்.

பார்சல் வந்தபோது அவர் ஆஸ்பத்திரியில். நீரிழிவு இடக்கண்ணை முன்பே கொண்டுபோயிருந்தது. வலக்கண்ணையும் காப்பாற்ற முடியவில்லை. பார்சலைப் பிரித்தவள் மனைவி சந்திரவதனா. உள்ளே அடுப்புக்கரி போல ஒரு காசு. அவருடைய காசு அலுமாரியின் திறப்பு எப்போதும் அவர் இடுப்பில்தான். அவள் ஒன்றையும் தொட்டதில்லை, அவரும் ஒன்றும் சொல்லிக் கொடுத்ததில்லை. அன்று வெள்ளிக்கிழமை. சாமியறை வெள்ளி விளக்கைத் திருநீறு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவள், காசையும் சேர்த்துத் தேய்த்தாள். பளிச்சென்று வந்தது. அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள், பாவி.

வீட்டுக்கு வந்த அன்றே ஜன்னலோரம் கதிரை போடச் சொன்னார்.

"காசு வந்ததே, வதனா?"

"ஓம், வந்திட்டுது."

"கறுப்போ? அந்தக் கறுப்புத்தான் வடிவு. நூற்றைம்பது வருசமாத் தானா ஏறினது. சில விசரர் அதை மினுக்கி நாசமாக்கிப்போடுவினம். பிறகு மெல்லிய வெடிப்பெல்லாம் கீறலுக்குள்ள துலைஞ்சு போம்."

அவள் உள்ளங்கையில் மினுங்கிய காசைப் பொத்திக்கொண்டாள்.

"கறுப்புத்தான்" என்றாள்.

"பூதக்கண்ணாடியை எடும். இண்டைக்கு நீர்தான் என்ர கண். ஏழுக்குப் பக்கத்தில ஒரு கோடு வெளிக்கிட்டு நிக்குதோ? கீறலெண்டால் பள்ளம், வெடிப்பெண்டால் மேடு."

பார்த்தாள். கோடுகள்! அவளே இழுத்த கோடுகள், ஏழைச் சுற்றியும் நட்சத்திரத்தைச் சுற்றியும் நிறைந்து கிடந்தன. மேடு எது, பள்ளம் எது என்று அவளுக்கு மட்டுப்படவில்லை. எதிரே பார்வையில்லாத முகம் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தது.

"ஓம், நிக்குது. சின்னன். நட்சத்திரத்தைத் தொடேல்லை."

"நான் சொன்னனான்!" கதிரையின் கையில் ஓங்கி அடித்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாகிவிட்டது. "சனிக்கிழமை கிளப்புக்குக் கொண்டு போவம். எல்லாரும் கண்ணாலை பாக்கட்டும்."

சந்திரவதனா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். முதலில் பார்க்கிறவனே கேட்டுவிடுவான், யார் இதை மினுக்கியது என்று. அத்தனை பேருக்கு முன்னால் இந்த மனுசனின் முகத்தை எப்படிப் பார்ப்பாள்?

"இஞ்ச தாரும்" என்று காசை வாங்கினார். அவர் விரல்களும் மரத்துப் போயிருந்தன. தடவிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. பழைய பழக்கத்தில் காசைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். மூக்கருகே வந்ததும் கை அப்படியே நின்றது. எழுத்து இடுக்குகளில் ஒட்டியிருந்த திருநீறு இன்னும் மணத்தது.

சிரிப்பு மெல்ல இறங்கிப் போனது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. அந்த வெடிப்பு அங்கே இருந்ததா, இல்லையா என்பது இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்; அவர் முந்திக்கொண்டார்.

"கறுப்பெண்டு சொன்னீர், என்ன?"

"ஓம்."

அவர் காசைக் கைலேஞ்சியில் சுற்றினார். காற்றில் துழாவி அவள் கையைத் தேடிப் பிடித்தார்.

"அப்ப கிளப்புக்கு வேண்டாம், வதனா. நீர் பாத்தனீர்தானே. எனக்கு அது போதும்."