மிசஸ் பெல்லாமி படித்த நாவல்

1908-ல் இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாம் நகரத்தில் புதிய நாவல் எது வந்தாலும், மிசஸ் பெல்லாமி என்ன சொல்கிறாள் என்று கேட்க, வியாழன்தோறும் அவள் வீட்டில் கூடும் பெண்கள் தேநீரை ஆறவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். படித்ததெல்லாம் நான். அவளுக்குத் துணையாகச் சம்பளத்துக்கு இருந்தவள். புதுப் புத்தகத்தில் ஓரம் வெட்டாமல் ஒட்டியே வரும் பக்கங்களைக் கத்தியால் வெட்டி, முழுதும் படித்து, அவளுக்குத் தலை வாரும்போது கதையையும் கருத்தையும் சொல்லிவிடுவேன். ஆறு வருடம்.

பெண்கள் பள்ளியில் ஆசிரியை வேலைக்கு மனுப் போட்டேன். தலைமை ஆசிரியை மிஸ் கார்டல் என்னைப் பற்றி மிசஸ் பெல்லாமியிடம் எழுதிக் கேட்டார். வேலை கிடைக்கவில்லை. ஏன் என்பதை, அவள் மேஜையில் கிடந்த மை ஒற்றும் தாளில் இடவலம் மாறிப் பதிந்திருந்த அவளுடைய பதில் கடிதத்தைக் கண்ணாடியில் காட்டிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

‘ஹெஸ்டருக்குப் படிப்பில் நாட்டமில்லை. ஒரு புத்தகத்தைக்கூட முடித்ததில்லை.’

சரி, முடிக்கவில்லை. அடுத்த நாவலை நூறாம் பக்கத்தோடு நிறுத்தினேன். மீதிக் கதையை நானே கட்டிச் சொன்னேன்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு மிஸ் கார்டலும் வந்திருந்தார். மிசஸ் பெல்லாமி கைக்குட்டையை எடுத்தாள்.

“கேப்டன் கடல்ல மூழ்கறாரே, அந்த இடம்! ரெண்டு நாள் அழுதேன்.”

“மூழ்கறாரா?” என்றாள் டாக்டர் மனைவி மிசஸ் ட்ரூவிட். “நான் படிச்சதுல ரொட்டிக்கடைக்காரியைக் கட்டிக்கிட்டுக் குண்டாயிட்டாரேம்மா!”

எல்லோரும் சிரித்தார்கள்.

“நீங்க தூக்கத்துல படிச்சிருப்பீங்க. ஹெஸ்டர், என் புத்தகத்தைக் கொண்டா. கடைசிப் பக்கத்தை வாசிச்சே காட்டறேன்.”

கொடுத்தேன். பிரித்தாள். பக்கங்கள் பிரியவில்லை. கத்தியைப் பக்கத்தில் வைத்தேன்.

“நூறுக்கு மேல வெட்டவே இல்லைம்மா. இது வேணுமே.”

“அப்போ எதைப் பாத்து அழுதீங்க, அட்டையையா?” என்றாள் மிசஸ் ட்ரூவிட்.

மிசஸ் பெல்லாமியின் முகம் கன்றிப்போனது. “இவதான்! ஆறு வருஷமா எல்லா நாவலையும் இவதான் படிச்சுச் சொல்றா! வேணும்னே என்னைக் கவுத்துட்டா!”

மிஸ் கார்டல் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எல்லா நாவலையுமா? எனக்கு வேற மாதிரி எழுதியிருந்தீங்களே.” பிறகு என் பக்கம் பார்த்தார். “மிஸ் ப்ரௌஸ், நாளைக்குப் பத்து மணிக்கு என்னை வந்து பாருங்க.”

அறையே மிசஸ் பெல்லாமியின் பதிலுக்காகக் காத்திருந்தது. அவள் வழக்கம்போல என்னைப் பார்த்தாள், ஏதாவது எடுத்துக் கொடுப்பேன் என்று.

நான் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன்.