முந்நூற்றுப் பன்னிரண்டு மூச்சு

ஏசி பழுது பார்ப்பவன் கையில் மைக்கைக் கொடுத்தால் என்ன செய்வான்? சுத்தம் செய்வான். நானும் அதைத்தான் செய்து தொலைத்தேன்.

என் மனைவி பதினெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள். போன வருடம் நுரையீரலில் நோய் கண்டு இருபத்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதற்குப் பிறகு நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று குரல் எழுப்ப முடியவில்லை. வேலையை விட்டுவிட்டாள். வீட்டிலிருந்தே புத்தகம் வாசித்துப் பதிவு செய்து அனுப்பும் வேலை ஒன்று இருப்பதாகத் தெரிந்ததும்தான் முகத்தில் பழைய களை வந்தது. முதலில் இருபது நிமிடம் வாசித்து மாதிரி அனுப்ப வேண்டும். அது தேறினால்தான் வேலை.

"மூச்சு சத்தம் கேக்கக்கூடாதுங்க. கேட்டா சீக்காளின்னு ஒதுக்கிடுவாங்க" என்றாள்.

"அதை என்கிட்ட விடு" என்றேன். வாய்க்கொழுப்பு.

துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்கு முன்னால் மைக்கை நிறுத்தினேன். 'பக்கத்து வீட்டுப் பெரியப்பா' என்று அவள் ஆரம்பித்ததுமே காதில் டப் டப்பென்று அடித்தது. 'ப' சொல்லும்போது வாயிலிருந்து வரும் காற்று நேராக மைக்கில் மோதுகிறது. காற்றைத் திருப்பிவிடுவதுதானே என் பிழைப்பு. அவளுடைய எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் காலுறையை இழுத்துக் கட்டி வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் வைத்தேன். மைக்கை ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் கன்னத்துப் பக்கமாகத் திருப்பினேன். காற்று தன் வழியில் போனது, குரல் மட்டும் வந்தது.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் பேச்சை இவ்வளவு கவனமா நீங்க கேட்டதே இல்ல" என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். மூச்சு இருக்கிறதே. இரண்டு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அவள் மூச்சு வாங்கிய இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். கழற்றிய திருகாணியை மெஷின் ஓடும்வரை தூக்கிப் போடக்கூடாது என்பது எங்கள் தொழில் பழக்கம். அதனால் வெட்டியதையெல்லாம் வரிசையாக ஒரே ஃபைலில் சேர்த்து, 'குப்பை' என்று பெயர் வைத்தேன்.

மூச்சில்லாத பதிவை மாதிரியாக அனுப்பினோம். பதில் வந்தது. "இயந்திரக் குரலை நாங்கள் ஏற்பதில்லை. மனிதர் வாசித்ததுதான் என்றால் நாளை மாலை ஐந்து மணிக்குள் வேறு பதிவு அனுப்பவும்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "நான் மனுஷியே இல்லைங்கறாங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

இவனுங்களுக்கெல்லாம் காது எதுக்கு என்று முணுமுணுத்தபடி குப்பை ஃபைலைத் திறந்து ஹெட்ஃபோனை மாட்டினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு மூச்சு. சொல் ஒன்றுகூட இல்லை. சின்னது, நீளமானது, லேசாக இழுப்பது. இரண்டரை நிமிடம் ஓடியது.

ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்து நாற்காலியில் இருபத்து மூன்று நாள் நான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். இடைவெளி கொஞ்சம் நீண்டால் எழுந்து போய் அவள் மூக்கருகே காதை வைப்பேன். அடுத்தது வந்தால் போதும், வேறொன்றும் கேட்கமாட்டேன் என்று வேண்டியிருக்கிறேன். அதற்குத்தான் குப்பை என்று பேர் வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"என்ன கேக்கறீங்க?" என்று வந்து நின்றாள்.

"உன்னைத்தான்."

ஹெட்ஃபோனை வாங்கித் தன் காதில் வைத்துக் கேட்டாள். "இவ்வளவு மூச்சா வாங்கறேன்?"

"நல்லா வாங்கு. எனக்கு அது வேணும்."

அவள் என் தோளில் கையை வைத்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. ஒவ்வொரு மூச்சையும் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து, சத்தத்தை மட்டும் பாதியாகக் குறைத்தேன். நாலரைக்கு அனுப்பினோம்.

இரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. அலமாரி முன்னால் நின்றபடியே எனக்கு வாசித்துக் காட்டினாள். மாதிரி தேறிவிட்டது, முதல் புத்தகம் முந்நூறு பக்கம், அடுத்த வாரமே தொடங்கலாம். முந்நூறு பக்கம் என்ற இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். நான் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.