கூட்ஸ் வண்டி போகும் வரை

கும்மிடிப்பூண்டியில் நாடகம் பார்க்க வருகிறவர்கள் இரண்டு விஷயங்களுக்குத் தயாராக வரவேண்டும். ஒன்று, அந்த இரும்பு நாற்காலி இடுப்பை ஒருவழி பண்ணிவிடும். இன்னொன்று, நாடகத்தின் நடுவில் கூட்ஸ் வண்டி வரும். நாற்காலிக்கு ஆளுக்கொரு துண்டை மடித்துப் போட்டுக்கொள்ளலாம். வண்டியை யாரும் ஒன்றும் பண்ண முடியாது.

தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் பழைய நெல் கிடங்கு அது. மேலே தகரக் கூரை. மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் துளசிராமன் அதை வாடகைக்குப் பிடித்து, மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை நாடகம் போடுகிறார். முதலில் ஊர்க்காரர்களின் சிரிப்புக் கவிதை, அப்புறம் அந்தக் காலத்து ஹாஸ்ய நாடகம். தொழிற்பேட்டை ஆட்கள் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வண்டி வந்தால் கூரையும் சேர்ந்து அதிரும். நடிகன் தொண்டை கிழியக் கத்தினாலும் முதல் வரிசைக்கே கேட்காது. பார்த்துப் பார்த்து நொந்துபோன துளசிராமன் கடைசியில் ஒரு சட்டம் போட்டார். ஹார்ன் கேட்டதும் மேடையில் இருப்பவர்கள் அப்படியே சிலையாகிவிட வேண்டும். தூக்கிய கை தூக்கியபடி, திறந்த வாய் திறந்தபடி. கடைசிப் பெட்டி போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஜனங்களுக்கு இது நாடகத்தைவிடப் பிடித்துப்போயிற்று. எவன் முதலில் கண் சிமிட்டுகிறான் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எவ்வளவு பார்த்தும் ஒன்றை மட்டும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. அந்தச் சிலைகள் பேசும்.

உதடு அசையாமல், பல்லிடுக்கில் பேசுவார்கள். அந்த இரைச்சலில் எதிரே நிற்கிறவருக்கு மட்டும்தான் கேட்கும். சத்யாவும் சபரிநாதனும் அப்படித்தான் பழகினார்கள். சத்யா தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் லைன் சூப்பர்வைசர். சபரிநாதன் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டர். நாலு வருஷமாக மேடையில் புருஷன் பெண்டாட்டியாகச் சண்டை போடுகிறார்கள். மேடையில் அவன் வாயைத் திறந்தால் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். கீழே இறங்கினால் அதே வாயில் பூட்டுத் தொங்கும். "வணக்கம் சத்யா மேடம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வாட்ஸாப்பில் நாலு வரி அனுப்பினால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவைப்பான். ஆனால் வண்டி போகிற அந்த இரண்டு நிமிஷத்தில் மனுஷன் வேறு ஆள். தங்கைகளுக்குக் கல்யாணம் பண்ணிவைத்தே தன் வயசு போன கதையை அவன் சொன்னது ஒரு வண்டியில். கட்டியவன் தன்னை விட்டுவிட்டுப் போன கதையை அவள் சொன்னது இன்னொரு வண்டியில். வண்டி ஓடுகிற நேரம் மட்டும் இருவருக்கும் நீ, நான். ஓய்ந்துவிட்டால் மறுபடி மேடம், சார்.

போன வாரம் ஒத்திகையில்தான் அந்த இடி விழுந்தது. கான்ட்ராக்டர் தன்னை மூன்று வருஷத்துக்கு குஜராத் அனுப்பப் பார்க்கிறார், அநேகமாக இதுதான் தன் கடைசி நாடகம் என்று சபரி எல்லோர் முன்னாலும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அன்று வண்டி எதுவும் வரவில்லை. வேறெதுவும் பேச வழியில்லாமல் சத்யா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். தூக்கம் எங்கே வந்தது? மூன்று வருஷம் என்பது அவளுக்கு மூன்று ஜென்மமாகத் தெரிந்தது. அவன் போகக்கூடாது. அவனுக்குச் சொல்ல வாய் வராது என்றால் தானே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தாள்.

இன்று நாடகத்தின் மூன்றாம் காட்சியில் வழக்கமாக நிலக்கரி வண்டி வரும். வால் தெரியாத நீளம். அதில் கேட்டுவிடுவது என்று முடிவு.

மேடையில் எல்லம்மா கவிதை சொல்லிக்கொண்டிருந்தாள். பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிற மீன்காரி. எழுதத் தெரியாது, எல்லாம் மனப்பாடம்.

"எறா வலை போட்டேன், எதுவும் சிக்கல,
நண்டு வலை போட்டேன், நண்டும் சிக்கல,
சும்மா கரையில நின்னேன் ஒரு நாளு,
சிக்கினான் பாரு, என் புருஷன்கிற ஆளு!"

கைதட்டலை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தவள், பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டு நின்ற சத்யாவைப் பார்த்தாள்.

"இன்னாமே, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது?"

"எல்லம்மாக்கா, இன்னிக்கு வண்டி வரச்சொல்ல சபரியாண்ட கேட்டுடப் போறேன்."

"கேளு, கேளு. அது வாயத் தொறக்கும்னு நீ குந்திக்கினு இருந்தா கெயவி ஆயிடுவே."

"வேணாம்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டுமே. உங்க ரெண்டு பேரத் தவுர யாரு காதுல உழப்போவுது?"

அந்த ஒரு தைரியம்தான் சத்யாவுக்கும். புருஷன் விட்டுப்போன சமயத்தில் ஊர் பேசிய பேச்சை அவள் மறக்கவில்லை. இன்னொரு முறை அந்த வாயில் விழ அவளுக்குத் தெம்பில்லை. எல்லம்மா அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நாடகத்தின் பெயர் 'அரண்மனைக் கோழி'. மனைவி ஆசையாக வளர்த்த கோழியைப் பண்ணையார் திருட்டுத்தனமாகச் சமைத்துத் தின்றுவிட்டு, மூன்று காட்சி நேரம் பொய்மேல் பொய்யாக அடுக்குவார். அவ்வளவுதான் கதை. பலமுறை போட்டுப் போட்டு ஊருக்கே வசனம் அத்துப்படி. மூன்றாம் காட்சியில் சத்யா கரண்டியை ஓங்கிக்கொண்டு, "எங்கே என் கோழி?" என்று கேட்க, பொய்மீசை வைத்த சபரி மண்டியிட்டுக் கைகூப்ப, சரியாக ஹார்ன் கேட்டது.

இருவரும் சிலையானார்கள். கூரை தடதடக்க ஆரம்பித்தது. சத்யா ஒரு நொடிகூட வீணாக்கவில்லை.

"சபரி, குறுக்கப் பேசாம கேளு. ஒரு தபா கட்டி ஏமாந்துட்டேன். இனிமே இந்தப் பொழப்பே வேணாம்னுதான் இருந்தேன். உன்னாண்ட பேசப் பேச அந்த நெனப்பே போயிடுச்சி. நீ குஜராத்துக்குப் போவாத. என்னக் கட்டிக்கினு இங்கியே இரு!"

வந்தது நிலக்கரி வண்டி இல்லை. பெட்டி ஒன்றுகூட இல்லாத வெறும் எஞ்சின். வந்த வேகத்தில் போய்விட்டது. முதல் பாதியை அது விழுங்கிக்கொண்டது. பேச்சு மும்முரத்தில் இருந்த சத்யாவுக்கு அது போனதே தெரியவில்லை. மிச்சம் முழுவதும், எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்று அவள் உயர்த்திய அதே குரலில், கிடங்கின் கடைசி நாற்காலி வரை போய்ச் சேர்ந்தது.

ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. திரைக்குப் பக்கத்தில் நின்ற துளசிராமன், பெண் வசனத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்து, "கோழி... கோழிம்மா... எங்கே என் கோழி..." என்று எடுத்துக்கொடுத்தார். பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியிலேயே அடங்கியது. பண்ணையாருக்கு ஏது குஜராத்? வசனம் தெரிந்த ஊர் அல்லவா, விஷயம் புரிந்துபோயிற்று. சத்யாவிடம் வேலை பார்க்கும் பெண்கள் மூன்றாவது வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திங்கட்கிழமை எந்த முகத்தோடு லைனில் போய் நிற்பது? சத்யாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

சபரி மண்டியிட்டது மண்டியிட்டபடி இருந்தான். கூப்பிய கை கூப்பியபடி. கண்கூட அசையவில்லை.

"எதுனா சொல்லித் தொலையேன்யா," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வண்டி வரட்டும்," என்றான், மீசைக்குள்ளிருந்து.

"வண்டி போயிடுச்சி!"

"வேற வண்டி வரட்டும். வந்தா சொல்றேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே வேடிக்கை பார்க்கிறது, தன் மானம் சந்தி சிரிக்கிறது, இந்த மனுஷனுக்கு கூட்ஸ் வண்டி கேட்கிறது! கரண்டியை நிஜமாகவே இறக்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் அவன் தலை லேசாகத் தண்டவாளத்துப் பக்கம் சாய்ந்து, வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பதை அப்போதுதான் பார்த்தாள். விளையாடவில்லை அவன். நிஜமாகவே வாய் வரவில்லை.

முதல் வரிசையில் எல்லம்மாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவள் எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஐயாவுக்கு வண்டி வந்தாத்தான் வாய் வருமாம்! இன்னா பாத்துக்கினு குந்தினுகீறீங்க?"

சொல்லிவிட்டு, தான் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலியில் இரண்டு கையாலும் தடதடவென்று தட்ட ஆரம்பித்தாள். மூன்றாவது வரிசைப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். சேஃப்டி ஷூ போட்ட தொழிற்பேட்டை ஆட்கள் தரையை மிதித்தார்கள். சுவரோரம் நின்றவர்கள் தகரத்தை அறைந்தார்கள். யாரோ ஒருவன் வாயைக் குவித்து நீளமாக ஹார்ன் அடித்தான். "நைனா, நைனா, வாடகை நாற்காலி நைனா!" என்று துளசிராமன் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு ஓடிவந்தார். அவர் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரும் சமையல்கட்டுக் காட்சிக்கு வைத்திருந்த அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு அடிக்க ஆரம்பித்தார். நிஜ வண்டிக்குக்கூட அந்தக் கூரை அப்படி அதிர்ந்ததில்லை.

சபரி பேசினான்.

"முந்தாநேத்தே கான்ட்ராக்டராண்ட சொல்லிட்டேன், குஜராத்துக்கு வரலைன்னு."

"இன்னாது?"

"போவல சத்யா. உன்ன உட்டுட்டு எங்க போவேன்?"

"அத்த எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாய்யா?"

"வண்டி வரலியே."

சத்யாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் கிடந்தவள் இங்கே ஒருத்தி. இவன் என்னடாவென்றால் பதிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரயிலுக்குக் காத்திருந்திருக்கிறான். கண்ணில் மை கரைந்து கன்னத்தில் இறங்கியது. கரண்டியை மட்டும் அவள் இறக்கவில்லை.

"நான் கேட்டதுக்கு இது பதில் இல்ல. வாயத் தொறந்து சொல்லு."

"கட்டிக்கறேன்."

"கேக்கல!"

"உன்னக் கட்டிக்கறேன் சத்யா!" என்று அவன் கத்திய கத்தலில் பொய்மீசையின் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. அந்த இரைச்சலில் அது அவளைத் தவிர ஒருவருக்கும் கேட்கவில்லை. கை சிவக்கத் தட்டிக்கொண்டே எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் வாய்க்குப் பயந்த சத்யா கரண்டியைக் கீழே போட்டாள். மேடையின் விளிம்புவரை வந்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினாள்.

"போதும், நிறுத்துங்க! சொல்லிட்டாரு!"

நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிற கூட்டமா அது? நாற்காலிகள் இன்னும் பலமாக அதிர்ந்தன.