ஜவ்வாது மலை கபடியும் லிஸ்பன் கோர்ட்டும்

போளூர் கோர்ட்டில் வைத்திருந்த பெரிய திரையில் தெரிந்தது, போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரத்து நீதிமன்றம். ஜவ்வாது மலையில் சாமை விதைப்பைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்த அன்பரசி, அப்படி ஒரு நாடு இருப்பதையே இந்த வழக்கு வந்த பிறகுதான் அறிந்தாள்.

அவள் கபடி வீராங்கனை. இரண்டு வருடங்களுக்கு முன் ஜமுனாமரத்தூரில் நடந்த பெண்கள் போட்டியை ஒரு கம்பெனி இணையத்தில் நேரலையாகக் காட்டியது. இறுதி ஆட்டத்துக்கு முன் கம்பெனி ஆள் வெற்றிவேல் அவளைத் தனியாக அழைத்தான்.

"தோக்க சொல்லலம்மா. ரெண்டாவது பாதில மொதல் ரெய்டுல மாட்டிக்கோ, போதும். நல்லா கவனிச்சிக்கிறோம்."

அன்பரசி மறுத்துவிட்டு, பாதுகாப்புக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் கீதாஞ்சலியிடம் நேராகப் போய்ச் சொன்னாள். ஆட்டம் முடிந்ததும் வெற்றிவேலைப் பிடித்தார்கள். அவனுக்கு உத்தரவுகள் லிஸ்பனில் இந்த ஆட்டத்தின் மீது பந்தயம் கட்டிய ஒருவனிடமிருந்து வந்தது அவன் போனில் தெரிந்தது.

"நம்ம மலையில ஆடுற கபடிக்கு அங்க இன்னாத்துக்கு மேடம் பந்தயம் கட்றாங்க?" என்று இப்போது போளூர் கோர்ட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கீதாஞ்சலியிடம் கேட்டாள் அன்பரசி.

"எனக்கும் புரியல. அந்த ஊர் கோர்ட்டு டெல்லிக்கு எழுதி, டெல்லி சென்னைக்கு அனுப்பி, இப்ப உன் வாக்குமூலத்துக்காக நம்மகிட்ட வந்திருக்கு. நீயே கேளேன்" என்றார் கீதாஞ்சலி.

திரையில் குற்றவாளிக் கூண்டில் கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவன் இருந்தான். தன்னை விலைபேசியவன் இவ்வளவு சாதுவாக இருப்பான் என்று அவள் நினைக்கவில்லை. மொழிபெயர்க்க அங்கே ஈழத்துப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அவன் வக்கீல் எழுந்தார். "மறுத்ததாச் சொல்லுறீங்கள். ஆனால் அதே ரெய்டிலை பிடிபட்டிருக்கிறீங்களே?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

அன்பரசிக்கு முகம் சூடேறியது. ஊரிலும் சிலர் இதைத்தான் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள்.

"ஆமாங்க, மாட்டிக்கினேன். அவன் சொன்னது நடக்கவே கூடாதுன்னு வெறியா உள்ள போனேன். எட்டக் கூடாத எடத்துக்கு எட்டிட்டேன். கணுக்கால புடிச்சிட்டாங்க. அன்னைக்கு வூட்டுக்குப் போயி சோறே துன்னலிங்க."

"துன்னல எண்டால்?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"சாப்பிடலைங்க."

நீதிபதி வெகுநேரம் எழுதினார். பிறகு, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். கீதாஞ்சலியிடம் கேட்ட அதே கேள்வியை அன்பரசி கேட்டாள். நீதிபதி சிரித்துவிட்டு முன்வரிசையில் இருந்த கிழவர் ஒருவரைக் காட்டினார். மனுவேல், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். முந்தின நாளே சாட்சி சொல்லி முடித்தவர். அன்பரசி பிடிபட மாட்டாள் என்று பந்தயம் கட்டியிருந்தார். பிடிபடுவாள் என்று கடைசி நேரத்தில் பெருந்தொகை குவிவதைக் கண்டு புகார் கொடுத்தவரும் அவர்தான்.

"ரெண்டு வருசமா உங்களோடை கோவமா இருந்தவராம். நீங்களும் விலைபோயிட்டீங்கள் எண்டு நினைச்சவராம். இப்ப கோவம் இல்லையாம்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அன்பரசி கிழவரைப் பார்த்துக் கும்பிட்டாள். "மொதல்ல எங்க ஆட்டத்த எதுக்குப் பாத்தாராம்?"

கிழவர் கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

"இஞ்சை காலை நேரத்திலை பாக்க வேறை விளையாட்டு ஒண்டும் இல்லையாம். ஒரே சொல்லை ஏன் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு ஓடுறீங்கள் எண்டு அறியத்தான் பாக்கத் தொடங்கினவராம். இன்னும் விளங்கேல்லையாம்."

"மூச்சு வுடலன்னு காட்டத்தாங்க!" என்று அன்பரசி சிரித்தாள். மனுவேல் உடனே நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து "கபாடி, கபாடி" என்று ஆரம்பித்தார். நீதிபதி கையைத் தூக்கி நிறுத்தினார்.

சில மாதங்கள் கழித்து கீதாஞ்சலி போனில் கூப்பிட்டார். லிஸ்பனில் அந்த இளைஞனுக்குத் தண்டனை கிடைத்துவிட்டது. அன்பரசியின் வாக்குமூலத்தைக் கோர்ட் அப்படியே ஏற்றுக்கொண்டது. வெற்றிவேல் மீதான வழக்கு இங்கே நடந்துகொண்டிருந்தது.

"தீர்ப்பு சொன்ன அன்னைக்கு அந்தப் பெரியவர் வந்திருந்தாரா மேடம்?"

"அதெல்லாம் தீர்ப்புல எழுத மாட்டாங்கம்மா" என்றார் கீதாஞ்சலி.